பாயசத்துக்கு ஐந்து முள்

நிலாப்பாக்கத்தில் தோசை சுட மூன்று முள். தேங்காய் துருவ நான்கு. குளித்த ஈரக்காலோடு கூடத்துக்கு நடந்து வர ஒன்பது. கல்யாணம் செய்துகொள்ள எத்தனை முள் என்று ஒரு வாலிபன் கேட்டபோது மட்டும், 'போதிய தரவு இல்லை' என்று சொல்லி இடர்மையம் நாசூக்காக நழுவிவிட்டது.

முள் என்பது அந்த ஊரில் ஆபத்தின் அளவு. ஒரு காரியத்தால் உயிரோ உறுப்போ போவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு, அதைப் பொடிப்பொடியாக நறுக்கி முட்களாகச் சொல்வார்கள். நிலவின் பழைய எரிமலைக் குழாய்களுக்குள் காற்றை அடைத்து, குகை குகையாகத் தடுத்து, இரண்டு தலைமுறைக்கு முன்னால் குடியேறிய ஊர் அது. சுவருக்கு அந்தப் பக்கம் வெற்றிடம். அதனால் காதுகுத்தின்போதே குழந்தையின் காதெலும்புக்குப் பின்னால் உளுந்தளவில் ஒரு கருவியைப் பொருத்திவிடுவார்கள். இடர்ச்செவி என்று அதற்குப் பெயர். கத்தியை எடுத்தால் 'ணிங்' என்னும்; ஏணியில் ஏறினால் 'ணிங்' என்னும்; ஒவ்வொரு முறையும் முள் கணக்கைச் சொல்லும். கடமை தவறாத கருவி. தொல்லையே அதுதான்.

இடர்மையத்தின் தலைமை அலுவலர் செண்பகவல்லி. காலையில் கிளம்பினால் உருக்காலை, ரொட்டிக்கூடம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், காற்று நிலையம் என்று ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவாள். கூடவே கண்காணி என்ற இயந்திரன் வருவான். மூன்று கால்களும் நீளக் கழுத்தும் கொண்ட அவனை ஊரார் கண்ணுச்சாமி என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

எல்லாத் தொழிலையும் பார்த்ததில் செண்பகவல்லிக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. எங்கே ஆட்கள் பயப்படுகிறார்களோ அங்கே விபத்து நடப்பதில்லை. உருக்காலையில் உலையைக் கண்டு எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். தரையில் கிடக்கும் தண்ணீர்க் குழாயில் தடுக்கி விழுந்து கையை உடைத்துக்கொள்வார்கள். மருத்துவமனையில் அறுவைக் கத்தியால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஒரே நிறத்து மூடி போட்ட இரண்டு புட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால்தான் ஒருமுறை மருந்து மாறி, ஒருவர் பிழைத்தது மறுபிறப்பாயிற்று. பழகிப் போவதுதான் பெரிய முள் என்று அவள் கூட்டங்களில் சொல்வாள். கேட்பவர்களுக்கு அந்தப் பேச்சும் பழகிப் போயிருந்தது.

இடர்ச்செவிக்கும் ஊர் பழகிவிட்டது. பழகியதோடு நிற்கவில்லை, மாற்றும் கண்டுபிடித்தது. காதுக்குப் பின்னால் ஈயப்பூச்சுப் பொட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டால் கருவி வாயடைத்துப் போகும். முடிதிருத்தகத்தில் அது வெளிப்படையாகவே கிடைத்தது. காதுப்பொட்டு என்று பெயர். புடவைக்குப் பொருத்தமான நிறங்களில், ஓரத்தில் சின்னக் கல் வைத்ததுகூட உண்டு. செண்பகவல்லி கண்ட இடத்தில் பிய்த்து எறிவாள். அவள் தலை மறைந்ததும் அடுத்ததை ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஊர்மன்றத் தலைவர் ஆலாலசுந்தரத்தின் மகளுக்குக் கல்யாணம் வந்தது.

நிலவில் இரவு இரண்டு வாரம், பகல் இரண்டு வாரம். சூரியோதயம் மாதத்துக்கு ஒருமுறைதான். அந்த முகூர்த்தத்துக்கு அடிதடியே நடக்கும். உதயம் எப்போதும் தேய்பூமியில்தான் வரும்; அதனால் தேய்பூமிதான் இங்கே சுபம். பூமியில் வளர்பிறை பார்ப்பதுபோல இங்கே வானத்தில் பூமி வளர்கிறதா தேய்கிறதா என்று பார்ப்பார்கள். தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த முகூர்த்தமே கிடைத்தது. இடம் நான்காம் குகை மண்டபம். ஊரிலேயே அதற்கு மட்டும்தான் கூரையில் வட்டமாகப் பெரிய கண்ணாடி. மணமேடையில் உட்கார்ந்தபடியே முதல் ஒளியைப் பார்க்கலாம்.

செண்பகவல்லி முன்பே தலைவரிடம் போய்ச் சொன்னாள்.

"ஐயா, ரெண்டு வாரமா உறைஞ்சு கெடக்கிற பாறை, வெயில் பட்டதும் விரியும். கண்ணாடி வேற மாதிரி விரியும். நடுவுல இருக்கிறது வெறும் பசை வளையம். பழசும் ஆயிருச்சு. உதயத்தன்னிக்கு அங்க கூட்டம் வேண்டாம்."

"மேடம், அந்தக் கண்ணாடி எத்தனை உதயத்தைப் பாத்திருக்கு?" என்றார் ஆலாலசுந்தரம். கெட்ட மனிதர் அல்ல. எதிலும் நல்லதையே பார்க்கிறவர். "எல்லாத்தையும் தாங்குச்சு. இதையும் தாங்கும். நீங்க குடும்பத்தோட வந்து மனசார வாழ்த்தணும்."

இத்தனை தடவை தாங்கியதால்தான் இனித் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அதை அவர் மனதில் பதிய வைக்கத்தான் தெரியவில்லை. கண்ணாடியைச் சுற்றி உணர்விகளைப் பொருத்திவிட்டுத் திரும்பினாள்.

கல்யாணம் சிறப்பாகவே நடந்தது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போக, கண்ணாடியில் ஒளி ஊசிபோல் நுழைய, மாப்பிள்ளை தாலி கட்டினான். நிலவின் குறைந்த ஈர்ப்பில் அட்சதை மெல்ல மிதந்து வந்து விழுந்ததைப் பார்க்க அழகாக இருந்தது. பிறகு பந்தி தொடங்கியது. ஊரில் பெரும்பாலோர் அங்கேதான் இருந்தார்கள்.

மண்டப வாசலில் நின்றிருந்த செண்பகவல்லியின் பக்கம் கண்காணி கழுத்தை வளைத்தான்.

"அம்மா, வடகிழக்கு ஓரத்தில் பசை பிரியத் தொடங்கிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் வளையம் முழுவதும் விட்டுப்போக நூற்றுக்கு எழுபது வாய்ப்பு. தலைக்கு நாலாயிரம் முள்."

அவள் நேராகத் தலைவரிடம் ஓடினாள்.

"ஐயா, பந்திய நிறுத்துங்க. எல்லாரும் மூணாம் குகைக்குப் போயிரணும். போனதும் காத்துக்கதவ மூடணும். பசை விட்டுட்டு வருது."

"வாங்க மேடம், முதல்ல சாப்பிடுங்க. எப்ப விடும்?"

"ஒரு மணி நேரத்துக்குள்ள. நூத்துக்கு எழுபது."

"அப்ப விடாம இருக்க முப்பது இருக்குல்ல?" தலைவர் சுற்றி நின்ற சம்பந்திகளைப் பார்த்துச் சிரித்தார். "பாஸ் மார்க்கே முப்பத்தஞ்சுதான். அஞ்சு மார்க்கு கருணை மார்க்கு போட்ருவோம்!"

சம்பந்திகளும் சிரித்தார்கள். "கடைசிப் பந்தி மட்டும் முடிஞ்சிரட்டும் மேடம். இலையில உக்காந்தவங்கள எப்படி எழுப்பறது? நல்லாவா இருக்கும்?" என்றார் தலைவர்.

கூட்டத்தைக் கட்டாயமாக வெளியேற்றும் அதிகாரம் தலைவருக்கு மட்டும்தான். அவளுக்கு அபாயச் சங்கை ஊதும் அதிகாரம் உண்டு. ஊதினாள். குழந்தைகள் அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி குதித்து ஆடினார்கள். ஒலிபெருக்கியைப் பிடுங்கி, நடப்பதை அப்படியே சொன்னாள். நடு வரிசையில் யாரோ, "சாப்பாட்டு நேரத்துலயா ஒத்திகை வைப்பாங்க?" என்று சலித்துக்கொண்டார். கண்காணி தன் பங்குக்கு முள் கணக்கை மூன்று முறை அறிவித்தான். ஒருவர் கைதட்டினார். பரிமாறுகிறவர்கள் ரசத்துக்கு வந்திருந்தார்கள்.

அப்போதுதான் வரிசையின் கோடியில் தன் கணவன் வாகீசன் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். பள்ளி ஆசிரியர். அவர் காதில் ஐம்பது இடர்மணியாவது அடித்திருக்க வேண்டுமே! பக்கத்தில் போய்க் குனிந்தாள். காதுக்குப் பின்னால், தோல் நிறத்தில் ஒரு பொட்டு.

"இது என்னங்க?"

வாகீசன் முகம் சிறுத்துப் போயிற்று. "பாயசத்துக்கு அஞ்சு முள், அஞ்சு முள்னு கத்திக்கிட்டே இருந்துச்சு வல்லி. சர்க்கரை இருக்குல்ல எனக்கு. இன்னிக்கு ஒருநாள் மட்டும்..."

பொட்டின் ஓரமெல்லாம் தேய்ந்து கறுத்திருந்தது. ஒருநாள் பொட்டு இல்லை அது. ஊரே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும், தன் வீடு மட்டும் விலக்கு என்று அவள் நம்பியிருந்தாள். கோபப்படக்கூட நேரமில்லை.

அதே நேரம் எதிர் வரிசையில் ஒரு குசுகுசுப்பு எழுந்தது. சலவை நிலையம் நடத்தும் அங்கயற்கண்ணி பக்கத்து இலைக்காரியிடம் சாய்ந்து, "யார்கிட்டயும் சொல்லாதீங்க. மாப்பிள்ளையோட அத்தைக்கு மால போடலன்னு மனத்தாங்கலாம்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அபாயச் சங்குக்குத் திரும்பாத தலைகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. இலைக்கு இலை செய்தி தாவியது. செண்பகவல்லி நிமிர்ந்து பார்ப்பதற்குள் மூன்றாம் வரிசைக்காரர் எட்டி மாப்பிள்ளையின் அத்தையைத் தேடிக்கொண்டிருந்தார்.

சாய்ந்த தலைகளை அவள் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு அங்கயற்கண்ணியின் பின்னால் போய் மண்டியிட்டாள்.

"அங்கயற்கண்ணி, உனக்கு மட்டும் சொல்றேன். கண்ணாடிப் பசை விட்டுட்டு வருது. மண்டபம் தாங்காது. வெளிய சொல்லக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. நீ சத்தமில்லாம மூணாம் குகைக்குப் போயிரு. யார்கிட்டயும் மூச்சு விட்றாத."

"அப்படி ஓர் உத்தரவு இல்லையே, அம்மா" என்றான் கண்காணி.

"நீ சும்மா இரு. போய்க் காத்துக்கதவுகிட்ட நில்லு."

அங்கயற்கண்ணியின் கண்கள் விரிந்தன. "அதானே பாத்தேன்!" என்றாள். இப்போதுதான் ஒலிபெருக்கியில் கேட்ட அதே செய்தி. ஆனால் அது அப்போது வெறும் அறிவிப்பு. இப்போது ரகசியம். அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, போகிற வழியில் தங்கையிடம் ஒரு வார்த்தை, ஓர்ப்படியிடம் ஒரு வார்த்தை, பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட மனசு கேட்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நடந்ததைச் செண்பகவல்லி வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. முதல் வரிசையில் பசையாக இருந்தது, இரண்டாம் வரிசையில் கண்ணாடி விரிசல் ஆயிற்று. மூன்றாம் வரிசையில் விண்கல். கைகழுவும் இடத்தில், பூமிக்காரர்கள் ஊரையே காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்றும், அதை மன்றம் மறைக்கிறது என்றும் பேச்சு. நாதஸ்வரக் கோஷ்டி வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு, வெற்றிலைக்குக்கூட நிற்காமல் நழுவியது.

அவள் பயந்தது நெரிசலுக்கு. கூட்டம் முட்டி மோதினால் கண்ணாடி போவதற்கு முன்பே உயிர்கள் போய்விடும். ஆனால் நெரிசலே இல்லை. மற்றவர்களுக்குத் தெரியாமல் தான் மட்டும் தப்ப வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்ததால், எல்லோரும் மிக மிக நிதானமாக நடந்தார்கள். "குழந்தைக்குப் பால் நேரம்" என்றார் ஒருவர். "அடுப்ப அணைச்சனான்னு சந்தேகமா இருக்கு" என்றார் இன்னொருவர். காற்றுக்கதவுக்கு வெளியே சந்தித்தபோது ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழிந்தார்கள்.

கடைசியில் மண்டபத்தில் தலைவரும் சில உறவினர்களும்தான் மிச்சம். காலி இலைகளைப் பார்த்து அவர் திகைத்து நிற்க, மைத்துனர் ஓடிவந்து காதோடு சொன்னார். ஆலாலசுந்தரத்தின் முகம் வெளுத்தது.

"அடப்பாவிகளா, இத எங்கிட்ட ஏன்யா யாருமே சொல்லல?"

மகளையும் மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தில் மேல்துண்டு மிதந்து பின்னால் நின்றது. வாகீசனைக் கைப்பிடித்து வெளியே தள்ளிவிட்டு, சமையற்கட்டு, மணமகள் அறை, மேடைக்குப் பின்புறம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் செண்பகவல்லி கடைசியாக வந்தாள். கதவு மூடிக்கொண்டது.

சற்று நேரம் எதுவும் நடக்கவில்லை. "சும்மாவே கிளப்பிவிட்டாங்க போல" என்று ஒருவர் முணுமுணுத்தார். அப்போது கதவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். இலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன. பிறகு பந்தல், மாலை, தோரணம், நாற்காலி என்று எல்லாமே கூரையை நோக்கிப் பறந்தன. அண்டாவிலிருந்த பாயசம், நெருப்பே இல்லாமல் கொதித்துப் பொங்கி, பொங்கிய கோலத்திலேயே உறைந்து நின்றது. சத்தமே இல்லை. ஒரு குழந்தை மட்டும், "அம்மா, நம்ம எல" என்றது. வாகீசன் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், பொட்டைப் பிய்த்து, அதை எங்கே போடுவதென்று தெரியாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்" என்றான் கண்காணி. "உரக்கச் சொன்னபோது பொய்யாக இருந்தது, மெதுவாகச் சொன்னதும் எப்படி உண்மையாயிற்று?"

செண்பகவல்லி சுவரோரம் உட்கார்ந்து, அடக்கமாட்டாமல் அழுதாள், பிறகு சிரித்தாள்.

அடுத்த வாரம் ஊர்மன்றம் கூடியது. தனக்கு நன்றி சொல்வார்கள், மற்றக் குகைகளின் சின்னக் கண்ணாடிகளுக்காவது பசை வளையங்களை மாற்ற ஒப்புவார்கள் என்று அவள் நம்பிப் போனாள். அவர்கள் கேட்ட கேள்விகளே வேறு. அபாயச் சங்கு ஊதியும் யாராவது எழுந்தார்களா? இல்லை. இடர்ச்செவியால் யாராவது தப்பினார்களா? இல்லை. ஊரார் தாங்களாகவே சமயோசிதமாக வெளியேறினார்களா? ஆமாம். யாருக்காவது காயம் உண்டா? இல்லை. அப்படியானால் இடர்மையம் எதற்கு?

"வதந்தி பரப்பினதுக்கு உங்க மேல நடவடிக்கை எடுக்கணும்னாங்க. நான்தான் தடுத்தேன்" என்றார் ஆலாலசுந்தரம், வெளியே அவளைத் தனியாக அழைத்துப் போய். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "மையத்தையும் காப்பாத்தத்தான் பாத்தேன் மேடம். ஆனா எதை வச்சுப் பேசறது? ஒரே ஒருத்தர், ஒருத்தராவது செத்திருந்தா உங்களுக்காக நான் நல்லா வாதாடியிருப்பேன்."

இடர்மையத்தை மூடினார்கள். காதுகளுக்குள் மணி ஓய்ந்தது. கண்காணியைச் சத்திரத்தில் பந்தி பரிமாறப் போட்டார்கள். செண்பகவல்லி வீட்டோடு இருந்தாள். வாகீசன் தானே காபி போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டு, குற்றவாளிபோல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

முதலில் கதவைத் தட்டியது அங்கயற்கண்ணி.

"மேடம், உங்கள வேலைய விட்டு எடுத்துட்டாங்கன்னா, உங்களுக்கு என்னமோ தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

செண்பகவல்லி அவளையே பார்த்தாள். "குளியலறைக்கு வெளிய மிதியடி போடாதவங்க வீட்டுலதான் கால் ஒடியுது" என்றாள் தணிந்த குரலில். "இத மன்றத்துல யாரும் வெளிய விட மாட்டாங்க."

இரண்டே நாளில் ஊரில் மிதியடி தீர்ந்துபோயிற்று. அடுத்து உருக்காலைக்காரர் ஒருவர் கொல்லைப்புறமாக வந்தார். தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைக்கச் சொல்லும் உள்விஷயத்தை வாங்கிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தபடி போனார். மருத்துவமனையில் புட்டிகளின் மூடி நிறம் மாறியது. ஆண்டுக்கணக்காகச் சுற்றறிக்கையில் அவள் எழுதி எழுதி யாரும் படிக்காததெல்லாம் வீடு வீடாக நடக்கத் தொடங்கியது. காற்று நிலையத்து ஆட்கள் தாங்களாகவே, ரகசியமாக, மீதி மூன்று குகைகளின் சின்னக் கண்ணாடிகளைச் சுற்றிய பசை வளையங்களையும் மாற்றிவிட்டார்கள். மன்றத்துக்கே தெரியாது.

அதன்பின் ஓர் ஆண்டு முழுவதும் நிலாப்பாக்கத்தில் ஒரு விபத்துகூட இல்லை. ஊர் தோன்றிய நாளிலிருந்து இப்படி நடந்ததே கிடையாது. ஆலாலசுந்தரம் நல்ல தாளில் ஓர் அறிக்கை வெளியிட்டார். இடர்மையத்தை மூடியதன் பலன் என்று அதற்குத் தலைப்பு. பூமியில் அதைப் பாராட்டினார்கள். செவ்வாயிலிருந்து குழுக்கள் வந்து, மண்டபத்தின் காற்றுக்கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போயின.

ஒருநாள் மாலை வாகீசன் செய்தியை வாசித்தார்.

"வல்லி, செவ்வாய்ல ஏழு குடியிருப்புலயும் இடர்மையத்த மூடப் போறாங்களாம். நிலாப்பாக்கம் வழின்னு பேரு வச்சிருக்காங்க."

செவ்வாயில் புழுதிப் புயல் பருவம் தொடங்கப் போகிறது. செண்பகவல்லி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு சலவை நிலையத்துக்கு நடந்தாள். அங்கயற்கண்ணி தனியாகத்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்ல உனக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எங்க பெரிய நாத்தனார் அங்கதானே இருக்காங்க. தினமும் பேசுவோம். ஏன் மேடம்?"

செண்பகவல்லி வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.